தொப்பூர்ல இருந்து ஹார்வர்டு எவ்வளவு தூரம்?

சேலம் புது பஸ் ஸ்டாண்டுல தர்மபுரி பஸ் ஏறி உட்கார்ந்தா, கருப்பூர் வரும். ஜன்னலோரம் பெரியார் பல்கலைக்கழகம். அப்புறம் ஓமலூர், தீவட்டிப்பட்டி. அதுக்குப் பிறகு பஸ் லேசா மூச்சு வாங்க ஆரம்பிக்கும். வந்தாச்சு, தொப்பூர்!

இந்தப் பெயரை நீங்க பெரும்பாலும் ‘லாரி கவிழ்ந்து...’ என்று தொடங்கும் செய்தியில்தான் படித்திருப்பீர்கள். எனக்கு அது ஒரு கடிதத்தில் வந்தது. ஈ.சி.ஈ. மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு வாசகி எழுதியிருந்தார். கடிதத்தின் கடைசி நான்கு வரிதான் என்னை பஸ் ஏற வைத்தது.

‘அண்ணா, சேலத்துல ஒரு கன்சல்டன்சியில 80 ஆயிரம் கட்டச் சொல்றாங்க. அமெரிக்காவுல டாப் யுனிவர்சிட்டி கேரண்டியாம். மொத்தம் 45 லட்சம் லோன் வேணுமாம். அப்பா ஒண்ணேகால் ஏக்கர் நிலத்தை அடமானம் வைக்க ரெடியாயிட்டாரு. எனக்கு ஹார்வர்டு மாதிரி இடத்துல உண்மையிலேயே சான்ஸ் இருக்கா? மறைக்காம சொல்லுங்க.’

மறைக்காம சொல்லச் சொன்னா நாமளும் சொல்லித்தானே ஆகணும். இது அந்தத் தங்கைக்கு நான் நேரில் சொன்ன பதில். உங்களில் பாதிப் பேர் மண்டையிலும் இதே கேள்வி ஓடுவதால் இங்கேயும் எழுதுகிறேன்.

நாங்கள் பேசியது அவருடைய அப்பாவின் பஞ்சர் கடையில். மேட்டூர் ரோடு பிரியும் இடத்துக்குப் பக்கம். நான் போனபோது அவர் ஒரு பன்னிரண்டு சக்கர லாரியின் டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தார். கூடவே ப்ளஸ் ஒன் படிக்கும் பையன். டயரை உருட்டிக்கொடுத்துவிட்டு, ஒரு பழைய இங்கிலீஷ் நாவலை எடுத்துப் படிக்க உட்கார்ந்துவிட்டான். அந்தப் பையனைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல்ல நம்பர் பார்ப்போம்

ஹார்வர்டில் இளநிலைப் படிப்புக்கு 2024-ல் விண்ணப்பித்தவர்கள் 54 ஆயிரத்துக்கும் மேல். இடம் கிடைத்தவர்கள் 2 ஆயிரத்துக்கும் குறைவு. அதாவது 100 பேரில் 4 பேர்கூட முழுசா இல்லை. எம்.ஐ.டி.யிலும் (குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லீங்க, பாஸ்டன் பக்கத்தில் இருக்கிறது!) மொத்தமாக நாலரை சதவீதம்தான். ஆனால், அதிலேயே வெளிநாட்டு மாணவர்களை மட்டும் தனியாகப் பிரித்தால் சுமார் 2 சதவீதத்துக்கு வந்துவிடும். அந்த 2 சதவீதத்தில்தான் நீங்க, சீனா, கொரியா, பிரேசில், நைஜீரியா, அத்தனை நாட்டு ஒலிம்பியாட் மெடல் பார்ட்டிகளும்!

உடனே நம்ம பசங்க ஒரு கணக்குப் போடுவாங்க. ‘ஒரு காலேஜுக்கு 3 சதவீதம் சான்ஸ்னா, இருபது காலேஜுக்குப் போட்டா 60 சதவீதம்!’ ஸாரி, அப்படி வராது. ப்ளஸ் டூ நிகழ்தகவு பாடத்தைத் தூசி தட்டுங்கள். இருபதிலும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.97-ஐ இருபது முறை பெருக்கினால் வருவது. அதாவது சுமார் 54 சதவீதம். ஆக, ஒன்றிலாவது கிடைக்க 46 சதவீதம். அதுவும் ஒவ்வொரு காலேஜின் முடிவும் தனித்தனி தாயக்கட்டை மாதிரி இருந்தால்தான். நிஜத்தில் அப்படி இல்லை. உங்க கட்டுரை சப்பென்று இருந்தால், இருபது இடத்திலும் அது சப்பென்றுதான் இருக்கும்.

இன்னொரு மேட்டர். நம்ம ஊரில் வளர்ந்தவர்களுக்கு அட்மிஷன் என்றாலே கட்-ஆஃப். 200-க்கு எவ்வளவு, ரேங்க் என்ன, கவுன்சலிங் எந்தத் தேதி... முடிஞ்சது. 199.5 வாங்கியவனுக்குக் கிடைக்காமல் 199 வாங்கியவனுக்குக் கிடைத்தால் இங்கே கோர்ட்டுக்குப் போவோம். அங்கே அது தினமும் நடக்கும். மார்க், எஸ்.ஏ.டி. ஸ்கோர், கட்டுரை, ஆசிரியர் கடிதம், வகுப்புக்கு வெளியே என்ன செய்தாய், எந்தச் சூழ்நிலையிலிருந்து வருகிறாய் என்று எல்லாவற்றையும் ஒரு கமிட்டி உட்கார்ந்து படிக்கிறது. மார்க் என்பது உள்ளே நுழைய டிக்கெட் மட்டும்தான். சீட் நம்பர் அதில் இருக்காது. இது நியாயமா? எனக்கே முழுசா உடன்பாடு இல்லை. ஸ்குவாஷும் வயலினும் கற்றுக்கொடுக்க அப்பா இருக்கிற பையனுக்கு இதில் கூடுதல் வசதி என்பது உண்மை. ஆனா ஆட்டத்தின் விதி இதுதான். தெரிந்துகொண்டு ஆடுவதா வேண்டாமா என்பது நம்ம இஷ்டம்.

மேட்டூர் ரோட்டில் போனால்...

தொப்பூரில் பிரிகிற ரோட்டில் மேட்டூர், பவானி வழியாகப் போனால் ஈரோடு. அந்த மாவட்டத்தில் காசிபாளையம் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண், ஸ்வேகா சாமிநாதன். 2021 டிசம்பரில், 17 வயதில், அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புக்கு முழு உதவித்தொகையோடு இடம் பிடித்தார். ‘3 கோடி ரூபாய் ஸ்காலர்ஷிப்’ என்று எல்லாப் பத்திரிகைகளிலும் வந்ததே, அவர்தான்.

அந்த 3 கோடியைப் பார்த்து வாய் பிளந்தவர்கள் பல பேர் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. அது கையில் கொடுக்கும் பரிசுப் பணம் இல்லை. சிகாகோ மாதிரி ஒரு இடத்தில் நாலு வருஷத்துக்கு ஆகும் ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாவற்றின் விலை. அந்த விலையைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொள்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் இன்று ஒரு வருஷச் செலவு 80 ஆயிரம் டாலருக்கு மேல்!

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். ஸ்வேகா ப்ளஸ் டூ முடித்த பிறகு யோசிக்க ஆரம்பிக்கவில்லை. 14 வயதிலேயே டெக்ஸ்டெரிட்டி குளோபல் என்ற அமைப்பின் பயிற்சியில் சேர்ந்துவிட்டார். பாட்னாவிலிருந்து ஷரத் சாகர் தொடங்கிய அமைப்பு அது. அதே அமைப்பின் உதவியோடு 2022-ல் பீகாரின் புல்வாரி ஷெரீஃபைச் சேர்ந்த பிரேம்குமார், லஃபாயட் காலேஜில் முழு உதவித்தொகை வாங்கினார். கூலித் தொழிலாளியின் மகன் அவர்.

ஆக, கிராமத்துப் பிள்ளைக்குக் கதவு சாத்தியிருக்கிறது என்பது பொய். திறந்தே கிடக்கிறது என்பதும் பொய்.

பணம் இல்லாதவனைப் பார்த்து முகம் சுளிக்காத இடங்கள்

இதைத்தான் கன்சல்டன்சிக்காரர்கள் சொல்லவே மாட்டார்கள். சொன்னால் அவர்களுக்குக் கமிஷன் வராதே!

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் விஷயத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, ‘உன்னால் பணம் கட்ட முடியுமா, முடியாதா’ என்று பார்க்காமலேயே முடிவு செய்யும் இடங்கள். ‘நீட் பிளைண்ட்’ என்பார்கள். இன்னொன்று, உதவித்தொகை கேட்கிறாயா என்பதையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யும் இடங்கள். பெரும்பாலானவை இரண்டாவது ரகம்தான். ஸ்டான்ஃபோர்டுகூட வெளிநாட்டு மாணவர்களுக்கு இரண்டாவது ரகம்.

முதல் ரகம் ரொம்பக் கொஞ்சம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட். 2022-ல் டார்ட்மத்தும் போடன் காலேஜும் சேர்ந்தன. பிறகு பிரவுன், நோட்டர்டேம். இந்த இடங்களில் உள்ளே எடுத்துவிட்டால், உங்க குடும்பத்தால் எவ்வளவு முடியுமோ அது போக மீதி எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஹார்வர்டு 2025-ல் அறிவித்த கணக்குப்படி, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சம் டாலருக்குள் இருந்தால் பெற்றோர் கட்டவேண்டியது பூஜ்யம். 1 லட்சம் டாலர் என்றால் 85 லட்சம் ரூபாய்க்கும் மேல். தொப்பூர் பஞ்சர் கடை என்ன, தர்மபுரி டவுனில் பெரிய கடை வைத்திருப்பவரின் மகனுக்கும் அங்கே ஃபீஸ் இருக்காது. விசித்திரம்தான். ஊருக்குள் இருக்கும் சில தனியார் காலேஜைவிட ஹார்வர்டு சீப்! சீட் கிடைப்பதுதான் கஷ்டம்.

ஆம்ஹெர்ஸ்ட், போடன் என்றதும் ‘இதெல்லாம் வெறும் காலேஜ்தானே, யுனிவர்சிட்டி இல்லையே’ என்று மூக்கைச் சுருக்காதீர்கள். இரண்டாயிரத்துக்குள் மாணவர்கள் படிக்கும் சின்ன இடங்கள். பேராசிரியருக்கு உங்க பெயர் தெரியும். அங்கே படித்தவனை எந்த பெரிய பல்கலைக்கழகமும் பிஎச்.டி.க்குச் சிவப்புக் கம்பளம் விரித்துக் கூப்பிடும்.

இப்போ அந்தத் தங்கைக்குப் பதில். மேலே சொன்னது எல்லாம் இளநிலைப் படிப்புக்கு. அவர் ஏற்கெனவே இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு. ஒரு காலேஜில் சேர்ந்துவிட்டால் அங்கே நீங்க ‘டிரான்ஸ்ஃபர்’ மாணவர். அந்த வழியில் எடுப்பது மிகச் சிலரை மட்டுமே. அந்தக் கதவை மறந்துவிடச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. என்ன செய்ய, மறைக்காமல் சொல்லச் சொன்னாரே.

‘அப்ப எம்.எஸ்.?’

இங்கேதான் 45 லட்சம் வருகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் முதுநிலைப் படிப்பு என்பது பல பல்கலைக்கழகங்களுக்கு வருமானம். எம்.எஸ். மாணவருக்கு உதவித்தொகை என்பது அபூர்வம். 2023-24-ல் அங்கே இருந்த இந்திய மாணவர்கள் 3 லட்சத்து 31 ஆயிரம் பேர். அதில் இளநிலை படித்தவர்கள் வெறும் 36 ஆயிரம். கிட்டத்தட்ட 2 லட்சம் பேர் மேற்படிப்பில். பெரும்பாலும் எம்.எஸ்., பெரும்பாலும் சொந்தப் பணம் அல்லது கடன். ‘டாப் யுனிவர்சிட்டி கேரண்டி’ என்று ஒருவர் சொன்னால், அந்தப் பல்கலைக்கழகம் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்று அர்த்தம். திருப்பி அனுப்புகிற இடத்துக்கு எவனும் கேரண்டி கொடுக்க முடியாது.

ஒரு பழைய பேப்பரின் ஓரத்தில் அவருடைய அப்பாவும் நானும் கணக்குப் போட்டோம். 45 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி. வருஷத்துக்கு 4 லட்சத்து 95 ஆயிரம். மாசம் 41,250 ரூபாய். இது வட்டி மட்டும். அசல் அப்படியே நிற்கும்.

அவர் கொஞ்ச நேரம் அந்த நம்பரையே பார்த்தார். ‘நம்ம கடையில மாசம் இதுல பாதி நின்னாலே பெரிசு தம்பி’ என்றார்.

வேலை கிடைத்தால் கட்டிவிடலாம் என்பதுதான் எல்லாரும் சொல்வது. படிப்பு முடித்து ஒரு வருஷம் அங்கேயே வேலை பார்க்க அனுமதி உண்டு. அறிவியல், தொழில்நுட்பப் படிப்பு என்றால் இன்னும் இரண்டு வருஷம். அதற்குப் பிறகு ஹெச்1பி விசா. அது குலுக்கல். 2025 செப்டம்பரில் புது ஹெச்1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று ஒரு உத்தரவு போட்டார்கள். யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று அதில் ஆயிரம் நுணுக்கம். அதே வருஷம் மே மாதக் கடைசியில் மாணவர் விசா நேர்காணலுக்குப் புது அப்பாயின்ட்மென்ட் கொடுப்பதையே சில வாரம் நிறுத்திவைத்தார்கள். திரும்பத் தொடங்கியபோது, விண்ணப்பிப்பவர் தன் சமூக வலைதளப் பக்கங்களை எல்லாரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். நாளைக்கு எது மாறும் என்று யாருக்கும் தெரியாத ஒரு நாட்டை நம்பி, மாறவே மாறாத வட்டிக்குக் கையெழுத்துப் போடுகிறோம். போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கேரண்டி என்ற வார்த்தையை நம்பிப் போடாதீர்கள்.

எனக்கு இதில் சொந்தக் கதை உண்டு. நானும் ஒரு காலத்தில் ஒரு ஏஜென்டிடம் பணம் கட்டியவன்தான். ‘உங்க வாழ்க்கை லட்சியத்தை நாங்களே எழுதிடுவோம் சார்’ என்றார்கள். எழுதினார்கள். ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, அதே லட்சியத்தை, அதே தாத்தா செத்துப்போன உருக்கமான பாராவோடு, என் ரூம்மேட்டுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே பல்கலைக்கழகத்துக்குப் போட்டோம். இரண்டு பேருக்கும் ‘நோ’. என் தாத்தா அப்போ திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

அது சிரிப்பாகப் போயிற்று. எல்லாருக்கும் அப்படிப் போகாது. அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் முழு உதவித்தொகையோடு சேர்ந்த ஒரு இந்திய மாணவர், மார்க் ஷீட்டிலிருந்து அப்பாவின் இறப்புச் சான்றிதழ் வரை போலியாகத் தயாரித்திருந்தார். அப்பா உயிரோடு இருந்தார்! 2024-ல் கைதாகி, குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஊர் திரும்பினார். அதற்கு முன்பு, 2019 ஜனவரியில் ‘ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம்’ என்ற ஒன்று. வகுப்பு கிடையாது, வாத்தியார் கிடையாது. விசா மோசடிக்காரர்களைப் பிடிக்க அமெரிக்க அரசே விரித்த வலை அது. கைதான 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள்.

சம்பளம் கொடுத்துப் படிக்க வைப்பார்கள்

எம்.எஸ். மாணவர் பணம் கட்டுகிற அதே துறையில், அதே லேபில், பிஎச்.டி. மாணவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். நல்ல பல்கலைக்கழகங்களில் ஃபீஸ் கிடையாது, மெடிக்கல் இன்ஷூரன்ஸ் உண்டு, பல இடங்களில் வருஷத்துக்கு 40 ஆயிரம் டாலர் வாக்கில் உதவித்தொகையும் உண்டு. பி.இ. நாலு வருஷம் முடித்தவர்கள் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம், நடுவில் எம்.எஸ். கட்டாயம் இல்லை. பல துறைகள் ஜி.ஆர்.இ. தேர்வையும் கைவிட்டுவிட்டன.

சுலபமா? இல்லவே இல்லை. அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதி வெட்டால் 2025-ல் பல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. இடங்களைக் குறைத்தன. ஆனாலும் இங்கே தோற்றால் நிலம் போகாது. விண்ணப்பக் கட்டணம்தான் போகும். அதையும் கேட்டால் சில இடங்களில் தள்ளுபடி செய்வார்கள்.

அதற்கு வேண்டியது ஆராய்ச்சி அனுபவம். ‘எங்க காலேஜ் லேப்ல ஆசிலோஸ்கோப்பே ரெண்டுதான் அண்ணா, அதுல ஒண்ணு ரிப்பேர்’ என்றார் தங்கை. தெரியும்! அதனால்தான் வெளியே போகச் சொல்கிறேன். இந்திய அறிவியல் அகாடமிகள் ஒவ்வொரு கோடையிலும் கல்லூரி மாணவர்களை உதவித்தொகையோடு ஆராய்ச்சிக்கூடங்களுக்கு அனுப்புகின்றன. ஐ.ஐ.டி. மெட்ராஸிலும் கோடைக்கால ஃபெலோஷிப் இருக்கிறது. பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. தொப்பூரிலிருந்து ஒரு பஸ் தூரம். இரண்டு மாசம் ஒரு பேராசிரியரிடம் உண்மையாக வேலை பார்த்தால், அவர் எழுதும் கடிதத்துக்கு இருக்கும் கனமே வேற.

கடிதம் என்றதும் ஞாபகம் வருகிறது. நம்ம ஊர் ஹெச்.ஓ.டி.க்களின் புகழ்பெற்ற வசனம்: ‘நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுடறேன்.’ அவர்களைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. ஒரு வகுப்பில் அறுபது பேர், ஆளுக்கு மூன்று கடிதம் என்றால் அவரும் என்ன செய்வார்? ஆனால் ஒரே காலேஜிலிருந்து போகும் இருபது கடிதத்திலும் ‘கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்’ என்று இருந்தால், படிப்பவருக்குப் புரியாதா? அவரிடம் போய், ‘சார், அந்த மினி புராஜெக்ட்ல சர்க்யூட் மூணு தடவை புகைஞ்சது, நாலாவது தடவை சரி பண்ணினேனே, அதை மட்டும் ரெண்டு வரி எழுதுங்க’ என்று கேளுங்கள். எழுதுவார்.

பணத்துக்கு வேறு வழியும் இருக்கிறது. 1913-ல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னரின் உதவித்தொகையில். 1924-ல் சென்னை பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஜானகி அம்மாள் மிச்சிகன் போனது, ஆசியப் பெண்களுக்காக அங்கே இருந்த பார்பர் உதவித்தொகையில். தாவரவியலில் நாடே திரும்பிப் பார்த்த விஞ்ஞானியானார். இன்று ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் இருக்கிறது, 125 இடங்கள், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். தகுதி உள்ள எத்தனை பேருக்கு இது தெரியும்? சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் இருந்து காலேஜ் வருகிற நண்பர்கள் உங்க வகுப்பில் இருந்தால், இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள்.

ஊரைவிட்டே போக வேண்டாம், டிகிரி மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு: ஜார்ஜியா டெக் தன் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதுநிலைப் படிப்பை 2014 முதல் ஆன்லைனில் நடத்துகிறது. மொத்தச் செலவே 7 ஆயிரம் டாலர் வாக்கில்தான். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். விசா கிடையாது, அமெரிக்காவில் எடுத்த செல்ஃபியும் கிடையாது!

அந்தப் பையன்

இத்தனையும் அக்காவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தம்பி நாவலை மூடிவிட்டு, ‘அண்ணே, அந்த பணம் பார்க்காத காலேஜுங்க இருக்கே, அதுக்கு நான் போடலாமா?’ என்றான்.

போடலாம். நேரம் இருப்பது அவனுக்குத்தான். ‘காமன் அப்ளிகேஷன்’ என்ற ஒரே படிவத்தில் 20 காலேஜ் வரை விண்ணப்பிக்கலாம். நவம்பர் முதல் ஜனவரிக்குள் கடைசித் தேதிகள் வரும். எஸ்.ஏ.டி. இப்போது கம்ப்யூட்டரில் எழுதுவது, மொத்தம் 1600. ஹார்வர்டு, எம்.ஐ.டி., டார்ட்மத், பிரவுன் எல்லாம் தேர்வைக் கட்டாயமாக்கிவிட்டன. கட்டணம் ஏறக்குறைய 10 ஆயிரம் ரூபாய் ஆகிவிடும், அதனால் நன்றாகத் தயாராகி ஒரே தடவை எழுதச் சொன்னேன். ஏஜென்ட் வேண்டாம். சென்னை அண்ணா சாலையில் அமெரிக்கத் தூதரக வளாகத்திலேயே ‘எஜுகேஷன் யு.எஸ்.ஏ.’ ஆலோசனை மையம் இருக்கிறது. அவர்கள் எந்தக் காலேஜிடமும் கமிஷன் வாங்குவது இல்லை.

நிஜமான சிக்கல் வேற இடத்தில். அவனுடையது அரசுப் பள்ளி. ஹெட்மாஸ்டரும் ஆசிரியர்களும் தங்கள் ஈமெயிலிலிருந்து நேரடியாகக் கடிதம் அனுப்ப வேண்டும். பள்ளியைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். எத்தனை மாணவர்கள், என்ன வசதி, வழக்கமாக எவ்வளவு மார்க் வாங்குவார்கள் என்று. பெரிய நகரத்து இன்டர்நேஷனல் பள்ளிகளில் இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார். இங்கே ஹெட்மாஸ்டருக்குச் சத்துணவுக் கணக்கே தலைக்கு மேல். இந்த ஒரு பக்கம் இல்லாமல் போனால், 600-க்கு 560 என்பது அந்தப் பள்ளியில் எவ்வளவு பெரிய விஷயம் என்று பாஸ்டனில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

‘கட்டுரை 650 வார்த்தைன்னு போட்டிருக்கு. எதைப் பத்தி எழுதறது? நான் என்னத்த சாதிச்சேன்?’ என்றான்.

நான் பதில் சொல்வதற்குள், கணவாயிலிருந்து ஒரு லாரி வந்து நின்றது. சக்கரத்திலிருந்து புகை. டிரைவர் இறங்கித் தண்ணீர் கேட்டார். பையன் எழுந்து போய் டிரம்மைத் தொட்டும் தொடாமலும் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, ‘நியூட்ரல்ல வந்தீங்களாண்ணே?’ என்றான். டிரைவர் பதில் சொல்லவில்லை.

திரும்பி வந்து எனக்கு விளக்கினான். டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரல் போடுவார்களாம். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் மொத்தப் பாரமும் பிரேக்கில். சூடு ஏறும், பிரேக் பிடிக்காது. ‘ஒரு நாளைக்கு எத்தனை வண்டி இப்படிப் புகையோட வந்து நிக்குது, எத்தனை டன் லோடு, என்ன மாடல்னு ஒரு வருஷமா நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்ணே. சும்மாதான்.’

நோட்டைக் காட்டச் சொன்னேன். நாற்பது பக்க நோட்டு, கிரீஸ் கறையோடு. தேதி, நேரம், வண்டி, சரக்கு, மழையா வெயிலா. இரட்டைப் பாலத்தில் விபத்து நடந்த நாட்களைச் சிவப்பு பேனாவால் வட்டம் போட்டிருந்தான்.

‘இதைத்தான் எழுதணும்’ என்றேன்.

‘இதுவா?’ என்று அக்காவைப் பார்த்தான். அவர் அந்த நோட்டை முதல் தடவையாகப் பார்ப்பவர் போல வாங்கிப் புரட்டிக்கொண்டு இருந்தார். பத்துப் பக்கம் புரட்டிவிட்டு, ‘டேய், டிரம் சூட்டை நீ கையால பார்த்துதானே எழுதறே? ஒரு சென்சார் வெச்சா தப்பு இல்லாம வருமே’ என்றார். ஈ.சி.ஈ. மூன்றாம் ஆண்டு ஆச்சே!

80 ஆயிரம்? கட்டவில்லை. கன்சல்டன்சியிலிருந்து இரண்டு தடவை போன் வந்ததாம். ‘சீட் போயிடும், உடனே முடிவு பண்ணுங்க’ என்று. மூன்றாவது தடவை போனை எடுத்தவர் அப்பா.

‘பாப்பா கோடைக்கு பெங்களூரு போவுது சார், அப்புறம் பேசறேன்’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

பெங்களூருவுக்கு இன்னும் விண்ணப்பமே போடவில்லை. கடைசித் தேதிக்கு மூன்று வாரம் இருக்கிறது.